குளிர்காலத்தில் காண வேண்டிய நகரங்கள்

வட ஐரோப்பிய நகரங்களைப் பார்த்து வர விரும்புகிற நம்மவர்களுக்குப் பிரயாண ஏஜெண்டுகள் ஒரே குரலில் சொல்லும் யோசனை, மே மாதம் முதல் ஆகஸ்டு வரையிலான கோடையில் போய்வந்துவிட வேண்டும், மற்ற மாதங்களில் அங்கே இருட்டும் குளிருமே மிச்சம் என்பதாகும். பள்ளிக்கூட விடுமுறை அந்தக் காலத்தில் வருவதாலும், இரவு பத்து மணிக்கும் அங்கே வெளிச்சம் இருந்தது என்ற ஆச்சரியத்தை ஊருக்குத் திரும்பி வந்து சொல்லலாம் என்பதாலும், அந்த யோசனையை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு, ஸ்டாக்ஹோமையும் கோபன்ஹேகனையும் ஆஸ்லோவையும் ஒரு வாரத்துக்குள் ஓட்டமாக ஓடிப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுடைய சந்தோஷத்தைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும், ஒரு நகரம் தன் பிரஜைகளை எவ்வாறு நடத்துகிறது என்பதை அறிய விரும்புகிறவர் அதன் சௌகரியமான பருவத்தில் போய்ப் பயனில்லை என்பதும், வடதேசத்து நகரத்தை டிசம்பரிலோ ஜனவரியிலோதான் பார்க்க வேண்டும் என்பதும், அதிலும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று தோலோடும் செருப்போடும் பிணைந்து வாழும் இந்தப் பிரதேசத்து மனிதர்கள் அவசியம் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

தமிழர்களில் மிகப் பெரியவர்கள் சிலர் அங்கே குளிர்காலத்தில்தான் போனார்கள். அந்தப் பருவத்தை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆல்பிரட் நோபல் 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, இத்தாலியில் சான் ரெமோ என்னும் இதமான கடற்கரை ஊரில் காலமானார். அவர் இறந்த தேதியில் பரிசு வழங்குவது சம்பிரதாயமாகிவிட்டபடியால், உலகத்து மேதைகள் ஆண்டுதோறும் ஸ்டாக்ஹோமின் மிக இருண்ட நாட்களில் அங்கே போய் நிற்க வேண்டியவர்களானார்கள். திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. ராமன் 1930-லும், அவருடைய தமையனார் குமாரர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-லும் அந்த இருட்டில் போய் இறங்கினார்கள். ராமன், பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே தமக்கும் தம் மனைவி லோகசுந்தரி அம்மாளுக்கும் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார் என்பது பலரும் அறிந்த கதை. அந்தத் தன்னம்பிக்கையை வியந்து பேசுகிறவர்கள், தலைப்பாகை அணிந்த அந்தத் தென்னிந்தியர் ஆறு மணி நேரம் மட்டுமே பகல் உள்ள ஒரு நகரத்தில் நின்று ஒளியின் சிதறலைப் பற்றி உபந்யாசம் செய்தார் என்பதையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1921-ல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அவர் மனத்தில் எழுந்த கேள்வி, சூரியன் தலைகாட்டவே தயங்கும் ஓர் ஊரில் வந்து மகுடம் சூடியது. 1933-ல் அவர் பெங்களூரில் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்றார். 1864-ஆம் ஆண்டிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே ரயிலில் செல்வோர் யாராயினும் எங்கள் ஜோலார்பேட்டையைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்பதால், அவரையும் எங்கள் ஊர் வழிப்போக்கர்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்வதில் எங்களுக்கு ஒரு சிறிய பெருமை உண்டு.

ஜோலார்பேட்டை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது; ஸ்டாக்ஹோம் ஐம்பத்தொன்பது டிகிரியையும் தாண்டி இருக்கிறது. மார்கழி மாதத்தின் மிகக் குறுகிய பகலிலும் நமக்குப் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் சூரியன் கிடைக்கிறது. ஏலகிரியின் பக்கமிருந்து மூடுபனி இறங்கி, பிளாட்பாரத்தில் டீக் குடிப்பவர்கள் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு மணி நேரத்தையே நாம் குளிர்காலம் என்று மரியாதையோடு அழைக்கிறோம். அங்கேயோ டிசம்பர் பிற்பகுதியில் காலை எட்டே முக்காலுக்கு உதிக்கும் சூரியன், வானத்தில் உயர ஏறாமலே அடிவானத்தை ஒட்டி நகர்ந்து, பிற்பகல் மூன்று மணி ஆவதற்கு முன்பே மறைந்துவிடுகிறது. குழந்தைகள் இருட்டில் பள்ளிக்குப் போய், இருட்டில் வீடு திரும்புகிறார்கள். இந்த நிலைமையில் ஓர் ஊர் மனம் தளர்ந்து முடங்கிவிடும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால், அந்த மாதம் முழுவதும் வீட்டு ஜன்னல்கள்தோறும் ஏழு தீபங்கள் கொண்ட சிறு விளக்குத் தண்டுகளையும் காகித நட்சத்திரங்களையும் ஏற்றி வைத்துத் திரையையும் விலக்கி வைக்கிறார்கள். திருக்கார்த்திகையன்று நம் வாசற்படிகளில் எரியும் அகல்களைப் போல, அவை உள்ளே இருப்பவருக்காக மட்டுமின்றித் தெருவில் போகிறவருக்காகவும் எரிகின்றன. டிசம்பர் 13-ஆம் தேதி லூசியா என்ற புனிதையின் பெயரால், வெள்ளுடை அணிந்து தலையில் மெழுகுவர்த்தி மகுடம் தரித்த சிறுமி ஒருத்தி முன்னே நடக்க, பாடிக்கொண்டு வரும் ஊர்வலத்தைப் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் காணலாம். கோடையில் போகிறவருக்கு இதில் ஒன்றும் கிட்டாது.

குளிரைத் தாங்குவது உடல் வலிமையைப் பொறுத்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அது அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வித்தை. கேம்பிரிட்ஜில் கணித மேதை ராமானுஜனைக் காணப் போன பி. சி. மகலனோபிஸ், அவர் இரவெல்லாம் குளிரால் வருந்தி, மேல்கோட்டையும் அணிந்து சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்திருந்ததாகக் கேட்டு, படுக்கையைச் சென்று பார்த்தாராம். கம்பளிகள் போதுமான அளவுக்கு இருந்தன. அவை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டு மேலே விரிப்பும் இடப்பட்டிருந்தபடியால், அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அந்தக் கும்பகோணத்து மனிதருக்குத் தெரியவில்லை. முடிவிலாத் தொடர்களை விளையாட்டாகக் கையாண்ட ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அதுவரை ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. கனமான ஒரே உடையைக் காட்டிலும் மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது மேல். வீட்டுக்குள்ளும் ரயிலுக்குள்ளும் உஷ்ணம் மிகுதியாகையால் உள்ளே நுழைந்ததும் மேல்கோட்டைக் களைந்துவிட வேண்டும். கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டுக் காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். இவையெல்லாம் ஒருவர் வாய்மொழியாகக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் அறியக்கூடியவை, கேளாமல் விட்டால் ஒரு பருவம் முழுவதும் துன்புறுத்தக்கூடியவை.

காலணி என்றவுடன் நம் பிரதேசத்தின் நினைவு வந்தே தீரும். சுவீடனிலோ நார்வேயிலோ ஒரு வீட்டுக்குள் அழைக்கப்படுகிற தமிழர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது அவர்களுக்கும் வழக்கம் என்று கண்டு ஆறுதல் அடைவார். பனிச்சேறு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் காரணம். அந்த வாசலில் வரிசையாக நிற்கும் காலணிகளைத் தோல் தொழில் அறிந்த ஆம்பூர்க்காரர் ஒருவர் பார்த்தால், அவர் கண் பொம்மையையும் படத்தையும் தேடிப் போகாது. முதலில் தையலைப் பார்ப்பார், பிறகு உள் லைனிங்கைத் தொடுவார், பிறகு அடி அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். ஐரோப்பியக் குளிர்காலத்துக்கான பூட்ஸ்கள் அங்கே கடைகளுக்கு இலையுதிர் காலத்தில் போய்ச் சேர வேண்டியிருப்பதால், நம் ஷூ கம்பெனிகளில் அவற்றுக்கான வேலை கோடையில்தான் மும்முரமாக நடக்கிறது. கத்திரி வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி அடிக்கும் வைகாசி மாதத்தில், உறைபனியையே கண்டிராத நம் பெண்கள் தையல் மெஷினுக்கு முன் உட்கார்ந்து, ரோமம் வைத்த உள்பாகத்தை உயர்ந்த கழுத்துள்ள பூட்ஸோடு சேர்த்துத் தைக்கிறார்கள். தாங்கள் தைப்பது எப்படிப்பட்ட தெருவில் நடக்கப் போகிறது என்பதை அவர்களிடம் வர்ணித்துச் சொன்னவர்கள் அநேகமாக இல்லை.

இந்த வியாபாரத்தில் வடக்கத்திய நாடுகள் தம் ஜனங்களின் தோலில் படும் பொருளில் எவ்வளவு ஜாக்கிரதை காட்டின என்பதும் கவனிக்கத்தக்கது. 1989-ல் ஜெர்மனி, தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் ரசாயனத்தைத் தடை செய்தது. 1994-ல் சிலவகை அஸோ சாயங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அந்த ஆணைகள் வந்த சிறிது காலத்துக்குள், அடையாறில் 1948-ல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு, நம்முடைய தோல் பதனிடும் ஆலைகள் தங்கள் முறைகளை மாற்றிக்கொண்டன. அதே ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்து குடிநீரையும் நிலத்தையும் கெடுத்த விஷயத்திலோ, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடி, 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவத்தை நிலைநாட்டி, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்துத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. வாங்குகிறவனின் பாதத்துக்குக் கிடைத்த மரியாதை விற்கிறவனின் ஆற்றுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. இதற்கு ஜெர்மானியர் பேரில் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அவர்கள் தங்கள் ஜனங்களுக்காகச் சட்டம் செய்துகொண்டார்கள், நாம் நம் ஜனங்களுக்காக அதே வேகத்தில் செய்துகொள்ளவில்லை.

குளிர்கால நகரத்தில் நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது பனியைத் தள்ளும் வண்டிகளை. இரவு பனி பெய்தால் விடிவதற்குள் எந்தத் தெரு முதலில் சுத்தமாகிறது என்று கவனித்தால், அந்த ஊரில் யாருடைய பிரயாணம் அவசியமானதென்று கருதப்படுகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். வெகுகாலமாக அங்கேயும் வழக்கம், பெரிய சாலைகளையும் நகரத்தின் நடுப்பகுதிக்குக் கார்கள் செல்லும் வழிகளையும் முதலில் சுத்தம் செய்வதும், நடைபாதைகளையும் சைக்கிள் பாதைகளையும் கடைசிக்கு விடுவதுமாகவே இருந்தது. சுவீடனில் கார்ல்ஸ்கோகா என்ற சிறு நகரத்தில், நிர்வாகத்தின் ஒவ்வொரு துறையும் ஆண்களையும் பெண்களையும் சமமாக நடத்துகிறதா என்று பரிசீலிக்கத் தொடங்கியபோது, பனி தள்ளுவதில் அப்படியென்ன பாகுபாடு இருக்க முடியும் என்று சிலர் நகைத்தார்களாம். கணக்குப் பார்த்ததில், அதிகாலையில் கார் ஓட்டிப் போகிறவர்களில் ஆண்கள் மிகுதி என்பதும், குழந்தையைப் பள்ளியில் விட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்து, வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் மிகுதி என்பதும் வெளிப்பட்டன. பனியில் வழுக்கிக் காயமடைவோரில் வாகனத்தில் செல்வோரைவிட நடப்போரே அதிகம், அவர்களிலும் பெண்களே அதிகம் என்பதைச் சுவீடனின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளும் காட்டின. சில அங்குலப் பனியில் காரை ஓட்டிவிடலாம். குழந்தை வண்டியைத் தள்ள முடியாது. ஆகையால் வரிசையை மாற்றி, பள்ளிகளையும் பஸ் நிறுத்தங்களையும் சேரும் நடைவழிகளை முதலில் சுத்தம் செய்தார்கள். அதற்காகச் செலவு கூடிவிடவில்லை, வண்டிகள் புறப்படும் ஒழுங்குதான் மாறியது.

ஸ்டாக்ஹோம் நகரமும் பிற்பாடு இந்த முறையைக் கைக்கொண்டது. கைக்கொண்ட சிறிது காலத்தில், 2016 நவம்பரில், நூறாண்டுக்கு மேலாக அந்த மாதத்தில் கண்டிராத அளவுக்குப் பனி கொட்டி, பஸ்கள் நின்று, கார்கள் சிக்கி, நடைபாதைகளும் புதைந்துபோய், புதிய கொள்கையே இந்த அலங்கோலத்துக்குக் காரணம் என்று உலகப் பத்திரிகைகளிலெல்லாம் ஏளனம் எழுந்தது. அந்த ஏளனத்தில் நியாயம் குறைவு. எந்த வரிசையில் தள்ளினாலும் அன்றைய பனி அந்த வண்டிகளின் சக்திக்கு மீறியதாகவே இருந்தது. ஆயினும், நல்ல நோக்கம் மாத்திரம் பனியைத் தள்ளிவிடாது, வண்டியும் ஆளும் போதுமான அளவு வேண்டும் என்ற உண்மையையும் அந்த நகரத்தார் அன்று கற்றுக்கொண்டார்கள். இப்போதும் அந்த நாட்டின் நகரசபைகள் பல, முதியோருக்குச் செருப்பின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டைகளை இலவசமாகக் கொடுக்கின்றன. நடைபாதையில் சரளைப் பொடியைத் தூவி, வசந்தத்தில் அதைத் திரும்பக் கூட்டி அள்ளுகின்றன. ஹெல்சிங்கியில் சில தெருக்களின் நடைபாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்களைப் புதைத்திருக்கிறார்கள். அது செல்வந்த நகரத்தின் காரியம், நமக்கு அது வேண்டியதில்லை. சரளைப் பொடிக்கோ பெரிய செல்வம் தேவையில்லை.

அந்த இருட்டில் வாழப் போன தமிழரும் உண்டு. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-ல் நார்வேக்குப் போய், பிற்பாடு சீ-நோர் என்ற திட்டத்தின் மூலம் தம் ஊர் மீனவர்களுக்கு வலையும் படகும் கிடைக்க வழி செய்தார். அவர் திறந்த வழியில் மாணவர்களாகவும், பின்னர் யுத்தத்தினால் அகதிகளாகவும் போனவர்களில் பலர், வடகோடியான பின்மார்க் பிரதேசத்தின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். அங்கே ஹாம்மர்பெஸ்ட் போன்ற ஊர்களில் நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் திரும்ப எழுகிறது. ஆதலால் தைப்பொங்கலன்று பானையை வைத்தவர்கள், இன்னும் ஊருக்கு வந்து சேராத சூரியனுக்குப் படைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு குழந்தையாக அந்நாட்டுக்குப் போன கம்சி குணரத்தினம் 2015-ல் ஆஸ்லோ நகரத்தின் துணை மேயரானார், 2021-ல் பாராளுமன்ற உறுப்பினரானார். நடைபாதையில் யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் நாற்காலிகளில் ஒன்றில் தமிழ்ப் பெண் ஒருத்தி அமர்ந்திருந்தாள் என்பது, நோபல் பரிசுகளுக்கு அடுத்தபடியாகவாவது, நாம் சொல்லி மகிழத்தக்கது.

நமக்குப் பனி இல்லை. நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை இருக்கிறது. 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியில் செய்த நாசத்தைப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். 2021 நவம்பரில் அதே ஆறு மறுபடி கரை புரண்டது. அவ்வளவு பெரிய வெள்ளத்தை விட்டுவிடலாம். சாதாரணமாக ஓர் இரவு மழை பெய்த மறுநாள் காலையில், பொழுது சரியாக விடியாத வேளையில், ஜோலார்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் கையில் பிடித்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நிற்கும் இடத்துக்கும், பாசஞ்சர் ரயிலுக்கும் நடந்து போகிற பெண்களைப் பார்க்கிறேன். தேசிய நெடுஞ்சாலையில் தண்ணீர் நின்றால் மதியத்துக்குள் பம்பு வந்துவிடுகிறது. அவர்கள் நடக்கும் கிளைத்தெருவிலும், ரயில் பாலத்துக்கு அடியிலும், சாக்கடையோடு கலந்து முழங்கால் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் தானாக வற்றும் வரை அங்கேயே கிடக்கிறது. உலகத்தின் நடைபாதைகளுக்கெல்லாம் நனையாத காலணி தைத்து அனுப்புகிறவர்கள், தங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

நம் பக்கத்துத் தோல் வணிகர்களும் கம்பெனி உத்தியோகஸ்தர்களும் வியாபார நிமித்தமாக ஐரோப்பாவுக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள். அந்தக் குளிரையும் அந்தத் தெருக்களையும் கண்டவர்கள். உள்ளூரில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பும் உண்டு. கோடைச் சுற்றுலாக்காரரை நான் கேட்பது டிசம்பரில் ஒரு முறை போய்ப் பாருங்கள் என்பது மட்டுமே. இவர்களைக் கேட்பதற்கு இன்னும் சற்று அதிகம் இருக்கிறது. அடுத்த முறை பனி பெய்த காலையில் ஓட்டல் ஜன்னலருகே நின்று காபி அருந்தும்போது, கீழே எந்தப் பாதை முதலில் துலக்கப்படுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, இந்த ஐப்பசிக்குள் தத்தம் ஊர் நகரசபையாரோடு உட்கார்ந்து, மழை விட்ட காலையில் தண்ணீர் இறைக்கும் பம்பும் சரளை லாரியும் முதலில் போக வேண்டிய தெருக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலின் தலையில், கம்பெனி வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் உள்ள நடைவழி இருக்க வேண்டும். எந்தெந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துகொள்ள இன்ஜினியர் எவரையும் வரவழைக்கத் தேவையில்லை. காலை ஷிப்டுக்கு வருகிற பெண்களைக் கேட்டால் தெரு தெருவாகச் சொல்வார்கள்.